அலுமாரிக்குள் இருந்த என் வீடு

எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணை அதிகம் பார்ப்பதில்லை. கிணறு எந்தப் பக்கம், கூரை ஓடா கிடுகா, சமைக்கிற குசினி தனியாக இருக்கிறதா என்று வளவைத்தான் பார்ப்பார்கள். மாப்பிள்ளை உடுத்த வேட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து சேருவார். வீடு பெண்ணுடையது. தாயின் வீடு மூத்தவளுக்குப் போகும். அடுத்தவளுக்கு அப்பன் கட்டிக் கொடுக்க வேண்டும். மட்டக்களப்பு வாவியைச் சுற்றி எந்த ஊருக்குப் போனாலும், தமிழரானாலும் முஸ்லிம் சோனகரானாலும், இதில் இரண்டு பேச்சில்லை. நான் இரண்டாவது பெண்.

என்னுடைய வீட்டை என் அப்பா ஓர் அலுமாரிக்குள் வைத்திருந்தார். இதை நான் அலங்காரத்துக்குச் சொல்லவில்லை. அவரே அப்படித்தான் சொல்லுவார்.

அப்பா அரசாங்க மருந்துச் சாலையில் அப்போதிக்கரி. டொக்டர் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு அவர்தான் டொக்டர். அமிர்தகழியிலிருந்து சைக்கிளில் புறப்பட்டால் ஏறாவூர் வரை போய், காய்ச்சல்காரருக்குக் கொயினா கலந்து கொடுத்து, புண்ணுக்கு மருந்து கட்டி, பொழுதுபடத் திரும்புவார். ஊரில் அவருக்கு நல்ல பேர். ஊருக்கு நல்லவராக இருப்பது அப்படியொன்றும் கடினமான காரியமல்ல என்பது எனக்குப் பிற்பாடு விளங்கியது.

கண்ணாடிச் சாமான் சேர்க்கிற பித்து அவருக்குப் பட்டணத்தில் ஒரு பறங்கியர் வீட்டில் தொடங்கியது. அந்த வீட்டுக் கிழவருக்குச் சாகும்வரை அப்பா வைத்தியம் பார்த்தார். செத்தவீடு முடிந்து ஒரு மாதத்தில் கிழவரின் மனைவி அப்பாவைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் விரல் கழுவ வைக்கிற ஒரு சின்னக் கிண்ணத்தை நன்றிக்காகக் கொடுத்தாள். அதன் விளிம்பு பாவாடைக் கரைபோல் சுருக்குச் சுருக்காக இருந்தது. லேஞ்சித் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, யன்னலடியில் நின்று, அப்பா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அம்மா சாப்பிடக் கூப்பிட்டது அவர் காதில் விழவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. சோறு ஆறிப்போனதும் அம்மா அதை மூடி வைத்ததும் எனக்கு நினைவிருக்கிறது.

அந்தக் கண்ணாடிக்கு எங்கள் ஊரில் பேரில்லை. அப்பா பால்கண்ணாடி என்றார். கையில் வைத்திருந்தால் தண்ணீர் விட்ட பால்போல ஒரு நீலம் தெரியும். வெயிலுக்கு நேரே தூக்கினால் அதே கண்ணாடிக்குள் தணல் நிறம் எழும்பும். எதிர்வெயிலிலும் வெள்ளையாகவே நிற்பதை அப்பா மதிப்பதில்லை. "சுண்ணாம்பு" என்று சொல்லித் தள்ளிவிடுவார். பிறகு அடியில் பெருவிரலை வைத்துத் தடவுவார். ஊதிச் செய்த சாமானென்றால், செய்தவன் கம்பியிலிருந்து அதை முறித்தெடுத்த இடத்தில் ஒரு தழும்பு கரகரக்கும். அச்சில் அழுத்திச் செய்ததில் அது இராது. பக்கத்தில் மெல்லியதாக ஒரு பொருத்துக் கோடு ஓடும். தழும்பு இருந்தால் அப்பாவின் முகம் மலரும். அக்காவுக்கும் எனக்கும் அம்மை போட்டுத் தழும்பு விழுந்தபோது அவர் அவ்வளவு கூர்ந்து பார்த்தாரா என்று எனக்கு ஐயம்தான்.

மற்றவர்கள் சேர்க்க நினைத்தாலும் முடியாததை அவரால் சேர்க்க முடிந்ததற்குக் காரணம் அவருடைய உத்தியோகம். நோயாளி இருக்கிற வீட்டில் அப்போதிக்கரிக்கு மூடிய அறையில்லை. நாடியைப் பிடித்துக்கொண்டே கண்ணை மேய விடுவார். ஏறாவூரில் ஒரு வியாபாரியின் வீட்டில் கலியாணத்துக்குப் பன்னீர் தெளிக்கிற நீள்கழுத்துக் கண்ணாடிச் செம்பு ஒன்று இருந்தது. அவர்களுடைய வாப்பாவின் ஆறாத கால்புண்ணுக்கு அப்பா மூன்று வருடம் கூப்பிடாமலே போய் மருந்து கட்டினார். கடைசியில் அவர்களே வெட்கப்பட்டுச் செம்பைத் தூக்கிக் கொடுத்தார்கள். அந்தக் காலுக்குக் காட்டிய அக்கறையில் கால்வாசி அம்மாவின் முழங்காலுக்குக் காட்டியிருந்தால் அவள் நொண்டாமல் நடந்திருப்பாள்.

எனக்குப் பத்து வயதானபோது வளவின் கிழக்குப் பக்கத்தில் என் வீட்டுக்கு அத்திவாரம் போட்டார்கள். சுவர் முழங்கால் உயரத்துக்கு வந்தது. அந்த வாரம் கொழும்பில் ஒரு பழஞ்சாமான் ஏலத்தில் மாதுளை நிறத்தில் வெள்ளை வரியோடிய ஒரு கண்ணாடி விளக்குக் கூடு வந்திருப்பதாக யாரோ எழுதினார்கள். அப்பா கொழும்புக்குப் போனார். விளக்குக் கூடு வந்தது, மேசன் வரவில்லை. அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அப்பா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கண்ணாடிகள் அடுக்கிய அலுமாரிக்கு முன்னால் நிறுத்திச் சொன்னார்:

"புள்ளேட வீடு எங்கயும் போகல்ல. இதுக்குள்ளதான் பத்திரமா இருக்கு. கல்லு வீடெண்டா காத்தடிச்சா ஓடு பறக்கும். இது வருசா வருசம் விலை ஏறும்."

அம்மா நம்பினாளோ இல்லையோ, நான் நம்பினேன். கொழும்பிலே ஒரு வெள்ளைக்காரத் துரை இருந்தார். அவருக்கும் இதே பித்து. ஒன்றிரண்டாக வேண்டாம், அவ்வளவையும் சேர்த்துத் தருவதானால் ஒரு நல்ல கல்வீட்டின் பெறுமதி தரலாம் என்று அவர் எழுதிய கடிதத்தை அப்பா எங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டியிருந்தார். ஆகவே வெள்ளிக்கிழமை தோறும் அலுமாரியைத் துடைக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். வேறொருவரையும் தொடவிட மாட்டேன். மாதுளை விளக்குக் கூடு என் மண்டபம். பன்னீர்ச் செம்பு என் கிணறு. சுருக்கு வைத்த கிண்ணங்கள் அதற்குள் ஐந்தாகியிருந்தன, அவை என் அறைகளும் குசினியும். ஒரு கிண்ணத்தில் மயிர்போல ஒரு கீறல் இருந்தது. அந்த அறையை நெல் போட வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்திருந்தேன். சிரிக்க வேண்டாம். ஆசைப்படச் சொல்லிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் ஆசைப்படும்.

அக்காவுக்குக் கலியாணம் பேசி முடிந்தது. மாப்பிள்ளை வயல் நிறைய உள்ள போடியார் குடும்பம். அம்மாவின் வீடு அக்காவுக்கு என்பது அவள் பிறந்த அன்றே முடிவான விசயம். அதில் எனக்கு ஒரு பொறாமையும் இருக்கவில்லை. நொத்தாரிசு வந்து சீதன உறுதிப் பத்திரம் எழுதினார். நான் குசினியில் பலகாரத்தோடு நின்றேன். அப்பா, அக்கா, மாப்பிள்ளையின் தகப்பன் மூவரும் உள்ளே இருந்தார்கள். எழுதி முடித்ததும் எல்லோருக்கும் கோப்பி கொண்டுபோய்க் கொடுத்தவள் நான்தான்.

எங்கள் குடும்பங்களில் ஒரு முறை உண்டு. சீதனம் கொடுத்த வீட்டில் மாப்பிள்ளை கால் வைத்த பிறகு அங்கிருந்து ஒரு சுளகைக்கூடத் தாய்தகப்பன் வெளியே எடுக்கக் கூடாது. எடுத்தால் சீதேவி கூடவே போய்விடுவாள் என்பார்கள். அதனால் பெற்றவர்கள் தங்களுக்கு வேண்டியதைக் கலியாணத்துக்கு முன்னமே ஒதுக்கி எடுத்துவிடுவார்கள். நாங்களும் வளவின் பின்பக்கத்தில் கிடுகு வேய்ந்த சின்ன வீட்டுக்கு எங்கள் பாயையும் பானையையும் மாற்றினோம். கண்ணாடிகளை மட்டும் அப்பா மாற்றவில்லை. மாப்பிள்ளை பகுதியார் மண்டபத்தில் அவற்றைப் பார்க்கட்டும், நமக்கும் ஒரு மதிப்பு, நாலாம் சடங்கு முடிந்ததும் எடுக்கலாம் என்றார். மகளின் கலியாணத்தில் தகப்பனுக்குக் கொஞ்சம் பெருமையடிக்க ஆசை இராதா என்று நானே அம்மாவைச் சமாதானம் செய்தேன்.

நாலாம் சடங்கு முடிந்தது. அப்பா ஒரு தேயிலைப் பெட்டியில் வைக்கோலை நிரப்பித் தலையில் வைத்துக்கொண்டு அக்காவின் வீட்டுக்குப் போனார். அரை மணித்தியாலத்தில் வெறும் பெட்டியோடு திரும்பினார். ஒரு மாதம் போகட்டுமாம், புதுக் குடித்தனத்தில் இருந்து சாமான் வெளியே போகக் கூடாதென்று மாமியார் சொன்னாளாம். ஒரு மாதம் கழித்து மறுபடி பெட்டியோடு போனார். அக்கா முழுகாமல் இருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரியின் வீட்டிலிருந்து எதையும் எடுக்கக் கூடாதாம். பிள்ளை பிறந்தது. துடக்குக் கழியட்டுமாம். துடக்குக் கழிந்தது. பிள்ளைக்கு முதல் சோறு தீத்தட்டுமாம். ஒவ்வொரு முறையும் அப்பா அந்தப் பெட்டியைத் தொப்பென்று நிலத்தில் வைத்துவிட்டு, என் முகத்தைப் பாராமல், வைக்கோலைப் பிடுங்கி மாட்டுக்குப் போடுவார். எனக்கு அவரைப் பார்க்க நெஞ்சு வெடிக்கும். பத்து வருடத்துக்கு மேலான உழைப்பை ஒரு மகளிடம் போய் இரந்து நிற்கிறாரே என்று அழுவேன்.

அக்காவோடு நான் பேச்சை நிறுத்தினேன். ஒரே வளவு, ஒரே கிணறு. அவள் தண்ணீர் அள்ள வந்தால் நான் குடத்தை வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவளுடைய பிள்ளை தத்தித் தத்தி என்னிடம் வரும், தூக்க மாட்டேன். "தங்கச்சி, என்னில என்ன கோவம்கா?" என்று ஒருமுறை அவள் கேட்டாள். கேட்கிறதைப் பார் என்று நான் அவள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனேன். பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்று நினைத்தேன். பூனை எது என்பதில்தான் பிழை விட்டிருந்தேன்.

இரண்டு வருடம் இப்படிப் போயிற்று. அதற்குள் நான் பட்டணத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாகிவிட்டேன். கல்லாற்றிலிருந்து வந்து பட்டணத்தில் படிப்பித்துக்கொண்டிருந்த ஒரு வாத்தியார் வீட்டிலிருந்து என்னைக் கேட்டு ஆள் அனுப்பினார்கள். அவரை எனக்குப் பிடித்திருந்தது. இதைச் சொல்ல எனக்கு இப்போது வெட்கமில்லை. காலையில் பாலத்தடியில் எதிர்ப்பட்டால் குடையைச் சற்றுத் தாழ்த்துவார். அவ்வளவுதான் எங்களுக்குள் நடந்தது. அவருடைய தாய் வந்து வளவைப் பார்த்தாள். முழங்கால் சுவருக்குள் ஆடு படுத்திருந்தது. மரியாதையான பெண், அதைக் காணாததுபோல் கடந்துவந்தாள். ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிவதற்குள் கூரை ஏறினால் கார்த்திகையில் செய்யலாம், இல்லாவிட்டால் தன்னாமுனையிலும் ஓர் இடம் பேசிக்கொண்டிருக்கிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

நான் அப்பாவைக் கேட்கவில்லை. பாவம், அவர் எத்தனை முறைதான் பெட்டியைத் தூக்குவார். கொழும்புத் துரைக்கு நானே இங்கிலீசில் கடிதம் எழுதினேன். எல்லாவற்றையும் கொடுக்கத் தயார், நேரில் வந்து பார்க்கவும் என்று எழுதி, அப்பாவின் பேரைச் சொல்லி, மகள் என்று கையெழுத்து வைத்தேன். பத்து நாளில் அவர் ரயிலேறி வந்துவிட்டார். அன்று சனிக்கிழமை. அப்பா ஏறாவூர்ப் பக்கம் போயிருந்தார்.

துரையை வாசலில் நிறுத்திவிட்டு, இரண்டு வருடத்துக்குப் பிறகு அக்காவின் வீட்டுக்குள் கால் வைத்தேன். சண்டை பிடிக்க வேண்டிய வசனங்களையெல்லாம் வரிசையாக யோசித்து வைத்திருந்தேன். கண்ணாடிகளை விற்க ஆள் வந்திருக்கிறது, எனக்கு வீடு கட்ட வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அக்கா இடுப்பில் இருந்த பிள்ளையை இறக்கிவிட்டு, சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, சாவிக் கொத்திலிருந்து அலுமாரித் திறப்பைக் கழற்றி என் கையில் வைத்தாள்.

"எடன் தங்கச்சி. நான் எப்ப வேணாமெண்டனான்? இவர் நெடுகச் சொல்லுறாரு, புள்ள உடைச்சிப் போடும், அலுமாரிய வெறுமையாக்கினா காணி உறுதி, கடதாசி வைக்கலாமெண்டு."

மாமியார், துடக்கு, முதல் சோறு என்று நான் தடுமாறினேன். அக்கா என்னைப் பார்த்தாள். அவளுக்கு அப்போதுதான் விளங்கியது. அப்பா பெட்டியோடு வருவார், யன்னலைத் திறந்து வைத்து ஒவ்வொன்றாக எடுத்து வெயிலில் பிடித்துப் பார்ப்பார், ஒரு கோப்பி குடிப்பார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார் என்றாள். எடுக்கச் சொல்லி அவள் சொன்னபோதெல்லாம், தங்கச்சிக்கு வேறு வழி பார்த்திருக்கிறேன் என்றாராம். உறுதியில் அலுமாரியையும் அதிலுள்ள கண்ணாடிகளையும் எழுதி, அவற்றை விற்கவோ பிரிக்கவோ கூடாதென்று ஒரு வரி சேர்க்கச் சொன்னதும் அவர்தானாம். மாப்பிள்ளையின் தகப்பன்கூட, இதெல்லாம் எதற்கு என்று கேட்டாராம். எனக்குத் தெரியாது என்று அக்கா நினைத்திருக்கவே இல்லை. இரண்டு வருடமாக நான் ஏன் முகத்தைத் திருப்புகிறேன் என்று அவள் அழுத அழுகையை அத்தான்தான் பார்த்திருக்கிறார்.

துரை உள்ளே வந்தார். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டு, விளக்குக் கூட்டை இரண்டு கையாலும் எடுத்து, அடியில் பெருவிரலால் தடவினார். அதே தடவல். அவர் ஒவ்வொன்றாகப் பார்த்து மேசையில் நிறுத்திக்கொண்டே போனார். பாதி மேசை நிறைந்த நேரம் வாசலில் சைக்கிள் மணி கேட்டது. துரை வந்திருக்கிற செய்தி வழியிலேயே அப்பாவின் காதுக்கு எட்டியிருக்க வேண்டும். வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்தார். என்னைப் பார்க்கவில்லை, மேசையைத்தான் பார்த்தார். பிறகு துரைக்குச் சலாம் வைத்து, தன்னுடைய நிதானமான ஆஸ்பத்திரி இங்கிலீசில், இவை மூத்த மகளின் சீதனம், உறுதிப்படி விற்க முடியாது, இந்தச் சின்னப் பெண் அறியாமல் எழுதிவிட்டாள், மன்னிக்கவும் என்றார். துரை உறுதியென்று கேட்டதும் கையை எடுத்துவிட்டார். வழக்கு வரக்கூடிய சாமானை அவர் தொடமாட்டாராம். அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டாள். சிறு வயதிலிருந்தே அவள் அப்படித்தான்.

துரை போன பிறகு அப்பா கண்ணாடிகளைத் திரும்ப அடுக்கத் தொடங்கினார். எந்தக் கிண்ணம் எந்த இடம் என்பதில் அவருக்குத் தடுமாற்றமே இல்லை. நான் பக்கத்தில் போய் நின்று கேட்டேன்.

"அப்ப, என்ட வீடு?"

அவர் கையிலிருந்த செம்பை வைத்து முடித்துவிட்டுத்தான் திரும்பினார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

"அவன் கொண்டு போனா பெட்டிக்குள்ள போட்டுச் சீமைக்கு அனுப்பிருவான் புள்ள. நீ படிச்ச புள்ள, உனக்கு உத்தியோகம் இரிக்கு. இதுகளுக்கு என்ன விட்டா ஆரு இரிக்கா?"

நான் வெளியே வந்து கிணற்றுக்கட்டில் இருந்தேன். அக்கா பின்னால் வந்து பக்கத்தில் இருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று தெரிந்தது. அவளுடைய பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டேன். புது ஆள் என்று அது வீரிட்டு அழுதது.

ஆடி அமாவாசை வந்தது, மாமாங்கக் கோயிலில் தீர்த்தம் முடிந்தது, கார்த்திகையில் அந்த வாத்தியார் தன்னாமுனையில் கலியாணம் செய்தார். இரண்டு அறையும் ஓட்டுக் கூரையும் உள்ள வீடென்று சொன்னார்கள். பிறகும் காலையில் எதிர்ப்படுவார். குடையைத் தாழ்த்துவதை விட்டுவிட்டார், அது முறைதான். இன்னும் இரண்டு இடத்திலிருந்து கேட்டு வந்தார்கள். வளவைப் பார்த்துவிட்டுப் போனார்கள். மூன்றாவதாக ஒருவரும் வரவில்லை.

அம்மாவுக்கு உறுதியில் சேர்த்த வரி தெரிந்திருந்ததா என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை. தெரியும் என்று அவள் சொல்லியிருந்தால் எனக்கு வீட்டில் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டார்கள். அப்பாவோடு தேவைக்குப் பேசினேன். மருந்து குடித்தீர்களா, தண்ணீர் சுட வைத்திருக்கிறேன், அவ்வளவு. அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. காலையும் மாலையும் அக்காவின் வீட்டுக்குப் போய் யன்னலைத் திறப்பார். இரண்டாம் உலக யுத்தம் தொடங்கிய வருடம் அவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தது. அதன் பிறகு அவரை அங்கே கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போனவள் நான்தான். அக்காவுக்குப் பிள்ளைகள் நாலு. அம்மாவுக்கு முழங்கால் ஏலாது. வேலை முடிந்து வருகிற எனக்குத்தான் கையும் காலும் சும்மா இருந்தன. கிண்ணத்தை அவரால் பிடிக்க முடியாது. நான் வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டுவேன். "இன்னும் கொஞ்சம் மேல" என்று கோணிய வாயால் சொல்லுவார். மேலே தூக்குவேன். விட்டுவிடலாமென்று தோன்றாத நாளில்லை. கை வரவில்லை, எத்தனை வருடம் துடைத்த கை.

யுத்தம் முடிகிற காலத்தில் அப்பா போய்ச் சேர்ந்தார். முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து, வந்தவர்கள் சாப்பிட்டுக் கலைந்த பிறகு, அக்கா அலுமாரித் திறப்போடு எங்கள் கிடுகு வீட்டுக்கு வந்தாள். அத்தானும் கூட வந்தார். நொத்தாரிசுவிடம் அவர் பேசிவிட்டாராம், அந்த வரியை நீக்க வழியிருக்கிறதாம். துரை செத்திருந்தாலும் கொழும்பில் வாங்க வேறு ஆட்கள் இருப்பார்கள் என்றார். நல்ல மனிதர். எத்தனையோ நாள் நான் அவரை மனதுக்குள் திட்டியிருக்கிறேன்.

"இனியாவது வித்துப் போட்டு உன்ட வீட்டைக் கட்டு தங்கச்சி," என்றாள் அக்கா.

எனக்கு முப்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது. பெண்ணுக்காகத்தான் எங்கள் ஊரில் வீடு கட்டுகிறார்கள். அவளும் தன் மகளுக்காகத்தான் அதை வைத்துக் காக்கிறாள்.

"கட்டி ஆருக்கு அக்கா குடுக்கிற?" என்று கேட்டேன். அவள் திறப்பை மறுபடி தன் மடியில் முடிந்துகொண்டாள்.